வழுக்கையும் இன்சுலினும்

இருபத்தைந்து வயதில் முன்நெற்றி மயிர் பின்வாங்கினால், "தகப்பனாருக்கும் அப்படித்தான்" என்று சொல்லிவிடுகிறோம். அந்த விடை சரிதான். ஆனால் முழு விடையன்று.

கிரேக்க மருத்துவர் ஹிப்பாக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்களில் ஒரு குறிப்பு உண்டு. விரை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை, 'கௌட்' என்னும் மூட்டு நோயும் வருவதில்லை என்பது அது. கௌட் நோய் யூரிக் அமிலம் மிகுவதால் வருவது. அதாவது வளர்சிதை மாற்றக் கோளாறு. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்ன அந்தக் கூர்மை வியப்புக்குரியது!

இதைச் சோதனையால் விளக்கியவர் அமெரிக்க உடற்கூற்றறிஞர் ஜேம்ஸ் ஹாமில்டன். 1942-இல் வெளிவந்த அவரது ஆய்வின்படி, பருவமடையும் முன்பே விரையை இழந்தவர்களுக்கு வழுக்கை இல்லை. டெஸ்டோஸ்டிரோன் செலுத்தியபோதோ, குடும்பத்தில் வழுக்கையுள்ளவர்களுக்கு முடி உதிரத் தொடங்கியது. நிறுத்தினால் உதிர்வு மேலும் பரவவில்லை. போன முடியும் திரும்பவில்லை. பரம்பரை திரி என்றால், ஹார்மோன் நெருப்பு.

டெஸ்டோஸ்டிரோனை மேலும் வீரியமுள்ள பொருளாக மாற்றும் நொதி ஒன்று உண்டு. அது பிறவியிலேயே குறைந்த டொமினிக்கன் குடியரசு ஆண்களைப் பற்றி 1974-இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களுக்கும் முன்மயிர் பின்வாங்கவில்லை.

2000-ஆம் ஆண்டில் பின்லாந்து ஆய்வாளர்கள் 'லான்செட்' இதழில் எழுதியது இந்தக் கதையை வேறு திசைக்குத் திருப்பியது. 35 வயதுக்கு முன்பே வழுக்கை விழுந்தவர்களை ஒத்த வயதினரோடு ஒப்பிட்டனர். முன்னவர்களிடம் இரத்தத்தில் இன்சுலின் மிகுதி, உடற்பருமன், இரத்த அழுத்தம், கொழுப்புச் சீர்கேடு ஆகியவை கூடுதலாகக் காணப்பட்டன. அதே ஆண்டில் அமெரிக்க மருத்துவர்களிடையே நடந்த பெரிய ஆய்வொன்று, உச்சந்தலை வழுக்கையை இதயநோயோடு தொடர்புபடுத்தியது.

எப்படி நேர்கிறது? ஒரு விளக்கம் இது: உடல் இன்சுலினுக்குப் பணிய மறுத்தால் கணையம் அதை மிகுதியாகச் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின், டெஸ்டோஸ்டிரோனைப் பற்றிக்கொள்ளும் புரதத்தைக் கல்லீரல் ஆக்குவதைக் குறைக்கிறது. அதனால் கட்டற்ற ஹார்மோனின் பங்கு கூடுகிறது. இது இன்னும் ஐயமற நிறுவப்படவில்லை. பின்னர் வந்த ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை.

பாரமானியில் பாதரசம் இறங்கினால் புயலை எதிர்பார்க்கிறோம். புயலைக் கொண்டுவந்தது பாதரசம் என்பதில்லை. வழுக்கையையும் அப்படிப் பார்ப்பதே முறை. முடி அடர்ந்தவருக்கும் நீரிழிவு வருகிறது; வழுக்கையர் பலர் நல்ல உடல்நலத்தோடு வாழ்கின்றனர். ஆயினும் முப்பதுக்குள் உச்சந்தலை வெளுத்த இளைஞர் தைலம் வாங்கப் போகும் வழியில் இடுப்பளவு, இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை ஆகிய மூன்றையும் பார்த்துக்கொள்ளலாம்.