அசல் திருமேனியும் வார்ப்பு நகலும்



திருகோணமலைத் துறைமுகத்தைக் காக்கும் பிரெடரிக் கோட்டையினூடாக நடந்துதான் இன்றும் கோணேசர் கோயிலுக்குச் செல்கின்றோம். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்து, அதன் கற்களையே இக்கோட்டைக்குப் பயன்படுத்தினர் என்பது தாங்கள் அறிந்ததே. கற்கள் சுவருக்குள் புகுந்தன. திருமேனிகள் எங்கே போயின? இவ்வினாவுக்கு ஒரு பகுதி விடை 1950ஆம் ஆண்டு யூலை மாதத்தில் கிடைத்தது. பட்டினசபையினர் கிணறு வெட்டுவித்தபோது, கோயிலிலிருந்து ஏறத்தாழ 500 யார் தொலைவில், மண்ணுக்குள்ளிருந்து சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. அவை ஊர்வலமாகக் கொண்டு செல்லப்பெற்று, 1952இல் மீண்டும் கோயிலில் எழுந்தருளுவிக்கப்பெற்றன. 1953இல் பாலேந்திரா அவர்கள் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில ஏட்டில் அவற்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்.

அவை சோழர் கால மரபின என்பர் கலை ஆராய்ச்சியாளர். அவற்றின் பழமையை ஐயுறுவார் எவருமிலர். ஏன்? மண்ணே சாட்சி சொன்னது. கூடி நின்றோர் கண்ணாரக் கண்டனர். ஆனால், மண்ணை விட்டு நீங்கிய கணத்திலேயே அந்தச் சாட்சியும் ஒரு படிமத்தை விட்டு நீங்கிவிடுகின்றது. அதன்பின், இன்று நாம் வணங்கும் திருமேனி அன்று கிடைத்த அதே திருமேனிதான் என்பதற்கு எது சான்று?

இது வீண் ஐயம் அன்று. கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில் 1951இல் நிலத்திலிருந்து நடராசர் முதலிய செப்புத் திருமேனிகள் கிடைத்தன; கோயிலுக்கே அளிக்கவும் பெற்றன. 1954இல் அவை பழுதுபார்ப்பதற்காகக் கொடுக்கப்பட்டன. திரும்பி வந்தவை நகல்கள்! அடியார்கள் அந்த நகலின் முன்னேயே கைகூப்பி நின்றனர். கோயிலில் இருப்பது பிற்கால வார்ப்பே என்பதை 1965இல் வெளிவந்த நூலொன்றிலே எடுத்துக்காட்டியவர் பிரித்தானிய அரும்பொருட்சாலையைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட். அசல் நடராசரை அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் நிறுவனம் 1973இல் 9 இலட்சம் டாலருக்கு வாங்கியது. வழக்கும் உடன்பாடும் முடிந்து, 1986இல்தான் அத்திருமேனி இந்தியாவுக்கு மீண்டது.

தினமும் விளக்கேற்றி வழிபட்டவர்கள் எங்ஙனம் ஏமாந்தனர் என்று வியக்கத் தோன்றும். அவர்களைக் குறை கூறுவது முறையன்று. அலங்காரமும் மாலையும் சாத்திய திருமேனியில் பத்தர் காண்பது முகத்தை மட்டுமே. முதுகையும் பீடத்தின் அடியையும் காண்பவர் யார்?

நம் நாட்டு உற்சவ மூர்த்திகள் மெழுகுக் கட்டு முறையில் வார்க்கப்படுபவை. மெழுகால் உருவமைத்து, அதன்மேல் மண் பூசி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவர். பின்னர் மண் அச்சை உடைத்தெடுப்பர். அச்சு ஒருமுறையோடு அழிந்துபோவதால் ஒவ்வோர் அசலும் தனிப் பிறவியே. அசலின்மீதே அச்செடுத்து நகல் வார்ப்பவனுக்கோ இரு தடைகள் உள. உலோகம் ஆறும்போது சுருங்குமாதலால் நகல் அசலினும் சிறிது குறுகிவிடும். அணிகலன்களின் நுண்ணிய கோடுகளும் மழுங்கிவிடும். ஆயினும் மழுங்கல் ஒன்றைக் கொண்டே முடிவு கட்டலாகாது. நூற்றாண்டுக் கணக்கான அபிடேகத்தினால் அசலின் முகமும் தேய்ந்திருக்கும். பச்சைக் களிம்பையோ நம்பவே கூடாது. திராவகத்தைக் கொண்டு அதைச் சில நாள்களில் உண்டாக்கிவிடுவர்.

இந்தச் சிக்கல் தெய்வத் திருமேனிகளுக்கு மட்டும் உரியதன்று. 1976இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 200 மட்டுமே செய்யப்பட்ட 'ஆப்பிள் 1' கணினிக்கு இன்று பெருவிலை. ஆதலால் அதன் மின்சுற்றுப் பலகையைப் போலவே புதிய பலகைகளைச் செய்வோர் பலர். பெரும்பாலோர் நகல் என்று சொல்லியே விற்கின்றனர். கைமாறக் கைமாற அந்தச் சொல் உதிர்ந்து போவதுதான் தொல்லை. பலகையிலுள்ள சில்லுகளில் அவை செய்யப்பட்ட ஆண்டும் வாரமும் பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் 1976ஆம் ஆண்டுச் சில்லைத் தேடிப் பிடித்துப் புதுப் பலகையில் செருகிவிடலாமன்றோ? உறுப்பின் வயது வேறு, உடலின் வயது வேறு. தொலைந்ததாகக் கருதப்பட்ட முன்மாதிரிப் பலகையொன்று, மூலை உடைந்த நிலையில், 2022இல் ஏலத்துக்கு வந்தது. அதை அசலென்று நிறுவியவை, பால் டெரல் என்னும் கணினிக் கடைக்காரர் 1976இல் எடுத்துவைத்த நிழற்படங்களே. கையால் ஈயப்பற்று வைத்த இடங்கள் படத்திலும் பலகையிலும் ஒத்திருந்தன. அது 677,000 டாலருக்கு மேல் விலைபோயிற்று. அசலுக்கும் நகலுக்கும் பொதுவான அமைப்பு வழக்கைத் தீர்க்கவில்லை. ஒருவர் கை ஒருநாள் விட்டுச்சென்ற பிசிறே தீர்த்தது.

தமிழகத்தின் ஸ்ரீபுரந்தான் நடராசரை ஆத்திரேலியா 2014இல் திருப்பி அளிக்க நேர்ந்ததற்கும் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் முன்பே எடுத்து வைத்திருந்த நிழற்படங்கள் பெரிதும் துணைநின்றன. படம் எடுத்தவர் களவை எண்ணி எடுத்தாரல்லர். கலையை ஆராயவே எடுத்தார்.

திருகோணமலைத் திருமேனிகள் அரும்பொருட்சாலைக் கண்ணாடிப் பேழைக்குள் இருப்பவை அல்ல, வழிபாட்டில் உள்ளவை. துளையிட்டு உலோகத்தைச் சோதிப்பதை யாரும் ஒப்பார், ஒப்பவும் வேண்டியதில்லை. மாலையும் பட்டும் களைந்த நிலையில் முன்னும் பின்னும், பீடத்தின் அடியும், வார்ப்பில் விழுந்த சிறு குழிகளும் தெரியும்படி படமெடுத்து, உயரத்தையும் எடையையும் குறித்து, நாளிட்டு, ஒரு படியைக் கோயிலிலும் மற்றொரு படியைக் கோயிலுக்கு வெளியே வேறோரிடத்திலும் வைத்தல் போதும். இரண்டையும் ஒரே பெட்டகத்தில் பூட்டிவைப்பதனால் பயனில்லை. திருமேனி பழுதுபார்க்கப் போகும் நாளிலும், திரும்பி வரும் நாளிலும், அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் வாயிலில் நிற்க வேண்டும்.