துணிக்கடைச் சிப்பந்தியின் தத்துவம்

1729ஆம் ஆண்டு, ஜப்பானின் கியோட்டோ நகரில், குருமயாச்சோ தெருவில் ஒரு வீட்டு வாசலில் அறிவிப்பு ஒன்று தொங்கியது. இன்ன நாளில் பாடம் நடக்கும், காசு வேண்டாம், தெரிந்தவர் சிபாரிசும் வேண்டாம், கேட்க விரும்புகிறவர்கள் உள்ளே வரலாம் என்பது அதன் சாரம். பெண்களுக்கும் இடம் உண்டு, திரைக்குப் பின்னால். பாடம் சொன்ன இஷிதா பைகான் துறவியுமல்ல, சாமுராயுமல்ல. ஏறக்குறைய இருபது வருஷம் துணிக்கடை ஒன்றில் வேலை பார்த்துவிட்டு விலகிய விவசாயி மகன்.

பிறந்தது 1685இல், தன்பா மலைநாட்டின் ஒரு கிராமத்தில். சிறுவனாக இருந்தபோது மலையில் பொறுக்கிய சில செஸ்ட்நட் கொட்டைகளை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அப்பாவிடம் காட்டினான். எங்கே கிடைத்தது என்று கேட்டார். நம் மலைக்கும் அடுத்தவர் மலைக்கும் இடையிலுள்ள எல்லையில் என்றான். நம் மரத்தின் கிளை எல்லைவரை நீளவில்லை, அவர்கள் மரத்தின் கிளைதான் நீள்கிறது, உடனே கொண்டுபோய் அங்கேயே போட்டுவிட்டு வா என்றார் அப்பா. பையன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான்.

பதினோரு வயதில் கியோட்டோவுக்கு எடுபிடி வேலைக்கு அனுப்பினார்கள். அந்தக் கடை நொடித்துப்போக, ஊர் திரும்பினார். 1707இல் மறுபடி வந்து குரோயனாகி என்ற துணிக்கடையில் சேர்ந்தார். புத்தகம் எப்போதும் மடியிலேயே இருக்கும். மற்றவர்கள் எழுவதற்கு முன்னால் மாடி ஜன்னலோரம் படிப்பு, அவர்கள் தூங்கிய பிறகு மறுபடி படிப்பு. பிறகு ஓகுரி ரியோஉன் என்ற ஞானியிடம் போய்ச் சேர்ந்தார். குறிப்புகள் எழுதிய தன் நூல்களையெல்லாம் தருவதாக ரியோஉன் சொன்னபோது வேண்டாமென்றார் பைகான். விஷயம் எதிரே வரும்போது நானே புதிதாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றாராம். குருவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது.

பாடம் தொடங்கிய புதிதில் கூட்டமே இல்லை. ஓர் இரவு ஒரே ஒருவர் வந்திருந்தார். எனக்காக மட்டும் நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்று அவர் எழப்போக, ஆரம்பிக்கும்போது எதிரே இந்தப் புத்தகப் பலகை மட்டும்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன், ஒருவர் வந்ததே போதும் என்று சொல்லிப் பாடத்தை நடத்தினார்.

அன்றைய சமூக அடுக்கில் சாமுராய், உழவர், கைவினைஞர் எல்லோருக்கும் கீழே வணிகர். எதையும் விளைவிக்காமல், எதையும் செய்யாமல், கைமாற்றிவிட்டே காசு பார்க்கிறவர்கள் என்று பண்டிதர்கள் இளக்காரமாகப் பேசினார்கள். கியோட்டோ பைகானுக்குக் காது கொடுத்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். சாமுராய் வாங்கும் படியரிசிக்கும் வணிகன் எடுக்கும் லாபத்துக்கும் வித்தியாசமில்லை என்றார் அவர். சரக்கை இங்கிருந்து அங்கே கொண்டு சேர்க்க ஆள் இல்லாவிட்டால் உலகம் நடக்காது. ஆகவே வணிகனும் சந்தையில் நின்று நாட்டுக்கு ஊழியம் செய்கிறவன்தான்.

இதோடு நிறுத்தியிருந்தால் வெறும் ஜால்ரா. ஆனால் கடைக்குள் நடப்பது அவருக்கு அத்துப்படி. அவர் காட்டும் ஓர் உதாரணம்: இடுப்பில் கட்டும் ஓபித் துணி ஓரிரு அங்குலம் குறைவாக வந்துவிடுகிறது. கடைக்காரர் நெசவாளியிடம் குறையைச் சொல்லி விலையைக் குறைத்து வாங்குகிறார். ஓரிரு அங்குலம் யாருக்குத் தெரியப்போகிறது? முழு அளவுத் துணி என்று சீட்டு ஒட்டி முழு விலைக்கு விற்கிறார். இது இரட்டை லாபம் என்கிறார் பைகான். வாங்க ஒரு படி, விற்க ஒரு படி வைத்திருப்பதற்குச் சமம், அரசு தடை செய்த குற்றம். எதிராளியும் நிற்க வேண்டும், தானும் நிற்க வேண்டும் என்பதே அவர் வைத்த அளவு. லாபம் நியாயமாவது இருவருக்கும் நடுவில்தான், கல்லாவுக்குள் அல்ல.

மாதத்தில் சில இரவுகள் சீடர்களிடம் ஒரு கேள்வியைக் கொடுப்பார், அவர்கள் பதில் எழுதி வருவார்கள். அந்த விவாதங்களிலிருந்து பிறந்த ‘தோஹி மோன்தோ’ என்ற நூல் 1739இல் நான்கு பாகமாக அச்சானது. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சமையலும் தானேதான். நூல் வந்ததற்கு அடுத்த ஆண்டுக் குளிர்காலத்தில் நகரத்து ஏழைகள் தவித்தபோது சீடர்களோடு போய்க் காசு கொடுத்தார். 1744இல் இறந்தார்.

சமூக அடுக்கு ஏன் இப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை. அவரவர் இடத்தில் அவரவர் ஒழுங்காக நின்றால் போதும் என்பதற்குள் அடங்கிவிட்ட சிந்தனை அது. வணிகனின் முதுகை நிமிர்த்தியதும், ஆட்சியாளர்களுக்குத் தொந்தரவில்லாமல் இருந்ததும் ஒரே கருத்துதான். சீடர் தெஷிமா தோஆன் பள்ளிகளைத் தொடங்கினார், குழந்தைகளுக்கும் பாடம் வைத்தார். பைகானின் போதனைக்கு ‘ஷிங்காகு’ என்ற பெயர் தோஆன் காலத்தில்தான் ஊன்றியது. தோஆனின் சீடர் நகாஸாவா தோனி எதோ நகருக்கு (இன்றைய டோக்கியோ) போய், பிரபுக்கள் மத்தியிலும் பேசினார். 1790இல் ஷோகுன் அரசு, வீடு வாசல் இல்லாமல் திரிந்தவர்களையும் சில்லறைக் குற்றவாளிகளையும் பிடித்து வேலை வாங்க இஷிகவாஜிமா தீவில் ஒரு முகாம் திறந்தது. அங்கே நன்னெறி போதிக்க அரசு தேர்ந்தெடுத்த ஆசிரியர் இந்த தோனிதான்.