சாதாவா, பிரீமியமா: சிறு மாற்றம் செய்த காருக்கு எரிபொருள் தேர்வு

1. ஆய்வுப் பொருள்

சைலன்சரை மட்டும் மாற்றியவரும், எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியூவில் ‘ஸ்டேஜ் 1’ ரீமேப் ஏற்றியவரும் பெட்ரோல் பங்கில் ஒரே கேள்வியோடு நிற்கிறார்கள். இருவருக்கும் ஒரே விடை பொருந்தாது. செய்த மாற்றம் சிலிண்டருக்குள் அழுத்தத்தையோ, தீப்பொறி எழும் நேரத்தையோ தொட்டதா என்பதை வைத்தே எரிபொருளை முடிவு செய்ய வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு. காருக்குச் செலவழித்த தொகைக்கு இதில் இடமில்லை. பந்தயக் கார்கள் இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன.

2. ஆக்டேன் எண் சொல்வது

1926-இல் கிரஹாம் எட்கர் வகுத்த அளவுகோலில் ஐசோ-ஆக்டேனுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0. ஒற்றைச் சிலிண்டர் சோதனை எஞ்சினை நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓட்டி அளப்பது ‘ரான்’. 900 சுற்றில், கலவையைச் சூடேற்றி அளப்பது ‘மான்’. இந்தியாவில் ரான் எண்ணே பேசப்படுகிறது. அமெரிக்கப் பெட்ரோல் பங்குகளில் காணும் 87, 91, 93 ஆகியவை ரான், மான் இரண்டின் சராசரி. அங்குள்ள 91 நம் கணக்கில் ஏறக்குறைய 95 அல்லது 96 ரான். அமெரிக்கக் காணொளியைப் பார்த்து இங்கே பெட்ரோல் போடுகிறவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இந்த எண் எரிபொருளின் ஆற்றலைக் குறிப்பதில்லை. பிளக்கிலிருந்து பரவும் சுடர் வந்து சேருமுன், ஓரத்தில் அழுந்திச் சூடேறிய மிச்சக் கலவை தானாகவே வெடிப்பதைத்தான் மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்கிறார்கள். அதைத் தாங்கும் திறனே ஆக்டேன். நாக்கிங்கின் விளிம்புக்கே போகாத எஞ்சினுக்குக் கூடுதல் ஆக்டேனால் பயனில்லை. அமெரிக்காவின் ஏஏஏ அமைப்பு 2016-இல் செய்த சோதனையும், சாதா எரிபொருளுக்கென வடிவமைத்த கார்களில் பிரீமியம் குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை என்றே கண்டது.

3. மாற்றங்களின் பாகுபாடு

3.1 எரிப்பைத் தொடாதவை

அலாய் வீல், தாழ்த்திய ஸ்பிரிங், பழைய பெட்டியிலேயே பொருத்தும் ஏர் ஃபில்டர், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் மாற்றும் எக்ஸாஸ்ட் குழாய். இவற்றுக்குத் தயாரிப்பாளர் கையேட்டில் சொன்ன பெட்ரோலே போதும்.

3.2 எரிப்பைத் தொடுபவை

ஹெட்டைச் சீவுவதும் மெல்லிய கேஸ்கெட் போடுவதும் அழுத்த விகிதத்தை உயர்த்தும். கார்புரேட்டர் காலத்துக் கார்களில் தீப்பொறி எழும் நேரத்தை, அதாவது டைமிங்கை, முன்னே தள்ளுவதும் இந்த வகையே. அவற்றில் பெரும்பாலும் நாக்கிங்கை உணரும் நாக் சென்சார் கிடையாது. ஓட்டுபவரின் காதுதான் காவல்.

இன்று பெரிதும் நடப்பது டர்போ கார்களின் ரீமேப். 2020-இல் இந்தியாவுக்கு வந்த போலோ 1.0 டிஎஸ்ஐ கம்பெனியிலிருந்து 110 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டரோடு வந்தது. ரீமேப் செய்பவர் டர்போ தரும் காற்றழுத்தமான பூஸ்ட்டைக் கூட்டி, டைமிங்கையும் முன்னே நகர்த்துகிறார். தொழிற்சாலை விட்டு வைத்த பாதுகாப்பு இடைவெளி இப்படித்தான் சக்தியாக மாறுகிறது. குறைந்த ஆக்டேன் ஊற்றினால், சென்சார் அதிர்வை உணர்ந்ததும் ஈசியூ டைமிங்கைப் பின்னே இழுக்கும். எஞ்சின் உடனே உடையாது. ஆனால் காசு கொடுத்து வாங்கிய சக்தி சத்தமில்லாமல் பறிபோகும். எரிப்பு தாமதமாவதால் எக்ஸாஸ்ட் சூடு ஏறி, டர்போவும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் அதைச் சுமக்கும். ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாமலே இது நடப்பது எனக்குப் பெருங்கவலை தருகிறது.

4. இ20 வந்த பின்

பிஎஸ் 6 தரநிலை சாதா பெட்ரோலுக்குக் குறைந்தது 91 ரானும், பிரீமியத்துக்கு 95-உம் கேட்டது. அந்த நான்கு எண் இடைவெளியே பழைய விவாதத்தின் அடித்தளம். எத்தனாலின் ஆக்டேன் 108-க்கு மேல். ஆவியாகும்போது அது கலவையைக் குளிர்விக்கவும் செய்கிறது. ஆகவே 20 விழுக்காடு எத்தனால் கலந்த சாதா பெட்ரோலே (இ20) 95 ரானைத் தொடுவதாகப் பெட்ரோலிய அமைச்சகம் 2025-இல் விளக்கியது. ‘95’ என்ற எண்ணுக்காக மட்டும் கூடுதல் விலை கொடுப்பதன் நியாயம் இதனால் மெலிந்துவிட்டது. பிரீமியத்தில் சேர்க்கும் துப்புரவு வேதிப்பொருள்கள் தனிக் கணக்கு.

மறுபக்கமும் உண்டு. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலின் வெப்ப ஆற்றல் பெட்ரோலுடையதில் மூன்றில் இரண்டு பங்கே, மைலேஜ் குறையும். எத்தனாலுக்குக் காற்றும் குறைவாகவே வேண்டும் என்பதால், எத்தனால் குறைந்த பெட்ரோலில் எழுதிய மேப் இ20-இல் கலவையைச் சரிசெய்துகொள்ளும் வரம்பை நெருங்கக்கூடும். இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் அறிமுகம் செய்த எக்ஸ்பி100 போன்ற 100 ஆக்டேன் பெட்ரோல் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. அதற்கென்று எழுதிய மேப்போடு நெடும்பயணம் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

5. தேர்வு நெறி

ரீமேப் செய்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது எத்தனை குதிரைசக்தி கூடும் என்பதை விட, எந்த ரான், எவ்வளவு எத்தனால் உள்ள பெட்ரோலில் மேப்பை எழுதினார் என்பதே. பிறகு வழக்கமாகப் போடும் பெட்ரோலோடு, வெயில் நேரத்தில், மூன்றாம் கியரில் முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டிப் பதிவெடுக்கச் சொல்ல வேண்டும். இது டைனோவிலோ மூடிய பாதையிலோ நடக்கட்டும். டைமிங் திரும்பத் திரும்பப் பின்னிழுக்கப்பட்டால் அந்த மேப்புக்கு அந்தப் பெட்ரோல் போதவில்லை. உயர்ந்த ஆக்டேனுக்கு மாறலாம்; அது ஊரில் கிடைக்காவிட்டால் பூஸ்ட்டைக் குறைத்து மேப்பைத் திருத்தச் சொல்லலாம்.

ஆக்டேன் முழுமையாகத் தீர்க்காத சிக்கலும் ஒன்று இருக்கிறது. சிறிய நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ எஞ்சின்களில், குறைந்த சுற்றில் பெருஞ்சுமை ஏறும்போது தீப்பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்வதுண்டு. இதில் எஞ்சின் ஆயிலுக்குப் பெரும்பங்கு இருப்பதால், 2020-இல் வந்த ஏபிஐ எஸ்பி தர ஆயில்கள் அதற்கான சோதனையையும் கடந்தே விற்பனைக்கு வருகின்றன. ரீமேப் செய்த கார் மலைப்பாதையில் உயர் கியரில் திணறினால், எந்தப் பெட்ரோல் ஊற்றியிருந்தாலும், கியரைக் குறைத்து ஏற்ற வேண்டும்.