வழக்கு காட்டிய கதையும் வழக்கு மறைத்த நாவலும்: இஸ்மத் சுக்தாய் குறித்துச் சில குறிப்புகள்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பெண்ணுக்குப் பெண்மேல் எழும் காதலை எழுதியவர்கள் யார் என்று முதுகலை வகுப்பில் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பெயர்கள் வரும். ஒன்று இங்கிலாந்தின் ராட்கிளிஃப் ஹால். மற்றொன்று உருது எழுத்தாளர் இஸ்மத் சுக்தாய். இருவரையும் இணைப்பது பாடுபொருள் மட்டுமன்று. இருவரின் எழுத்தும் ஆபாசம் என்று நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டது. ஹாலின் நாவல் 1928இல் லண்டனில் தடைசெய்யப்பட்டது. சுக்தாயின் சிறுகதை 1940களில் லாகூரில் விசாரிக்கப்பட்டு விடுவிக்கப்பட்டது.

தோல்வி ஒன்று, வெற்றி ஒன்று என்றே இவ்விரு வழக்குகளையும் நாம் கற்பித்து வருகிறோம். எனக்கு அந்தக் கணக்கில் ஐயம் உண்டு. லாகூரில் கிடைத்த விடுதலை, பெண் காதலைப் புரிந்துகொண்டதால் கிடைத்ததன்று. அதைச் சுட்டும் சொல் கதையில் அகப்படாததால் கிடைத்தது. மேலும், அந்த வழக்கின் புகழ் சுக்தாயின் ஒரு சிறுகதையை ஒளியில் நிறுத்தி, இதே பொருளை விரிவாகப் பேசும் அவருடைய நாவலை இருளில் தள்ளிவிட்டது. இந்த இரண்டையும் இங்கே விளக்க முயல்கிறேன்.

1. லண்டன், 1928

ராட்கிளிஃப் ஹால் 1880இல் பிறந்தவர். வசதி மிக்க குடும்பம். நெருங்கியவர்களுக்கு அவர் 'ஜான்'. ஆண்களின் பாணியில் உடையணிந்து, சிற்பியான யூனா ட்ரூபிரிட்ஜுடன் 1943இல் இறக்கும்வரை வெளிப்படையாக வாழ்ந்தார். 1926இல் வெளிவந்த அவருடைய 'ஆடம்ஸ் பிரீட்' என்னும் நாவல் இரண்டு பெரிய பரிசுகளைப் பெற்றது. அந்த மதிப்பு கைவசம் இருந்தபோதே, அதைப் பணயம் வைத்து 'தி வெல் ஆஃப் லோன்லினெஸ்' நாவலை எழுதினார்.

1928 ஜூலையில் ஜோனதன் கேப் பதிப்பகம் அதை வெளியிட்டது. அடுத்த மாதமே 'சண்டே எக்ஸ்பிரஸ்' இதழில் ஜேம்ஸ் டக்ளஸ் தடைகோரி எழுதினார். உள்துறை அமைச்சர் ஜாய்ன்சன் ஹிக்ஸ் தலையிட்டார். நவம்பர் 16ஆம் நாள் நீதிபதி சார்ட்ரஸ் பைரன் நூலை ஆபாசம் என்று தீர்ப்பளித்தார். சாட்சி சொல்லக் காத்திருந்தவர்களுள் வர்ஜீனியா வுல்ஃபும் ஈ. எம். ஃபாஸ்டரும் இருந்தனர். ஆபாசத்தைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை, எழுத்தாளர்களின் கருத்து அதற்குத் தேவையில்லை என்று அவர்கள் கேட்கப்படவே இல்லை. மேல்முறையீடும் டிசம்பரில் தள்ளுபடியானது. இங்கிலாந்தில் நூல் மீண்டும் வெளிவர 1949 ஆயிற்று. அப்போது ஹால் உயிரோடு இல்லை.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே உண்டு. அந்த நாவலில் உடலுறவு வருணனை ஏதும் இல்லை. நாயகி ஸ்டீஃபன் கார்டன், தான் நேசிக்கும் மேரிக்கு இயல்பான வாழ்வு அமைய வேண்டும் என்று பொய்யொன்றை நடித்து, அவளை ஓர் ஆணிடம் ஒப்படைத்துவிட்டு விலகுகிறாள். ஒழுக்கவாதிகளுக்கு உவப்பான முடிவுதான். ஆயினும் நீதிபதியை உறுத்தியது வேறு. இத்தகைய பெண்கள் பழிக்கத்தக்கவர்கள் என்று நூல் எங்கும் சொல்லவில்லை. மாறாக, அவர்களுக்கும் வாழ இடம் கொடுங்கள் என்று மன்றாடுகிறது. தண்டிக்கப்பட்டது அந்த மன்றாட்டு.

ஹாலைப் புனிதராக்க வேண்டியதில்லை. அவர் வர்க்கப் பெருமிதம் உடையவர். 1930களின் பிற்பகுதியில் பாசிசத்தின்பால் சாய்ந்தவர். தன்பாலீர்ப்பைப் பிறவிப் பிறழ்வு என்று விளக்கிய அக்கால மருத்துவக் கோட்பாட்டை அப்படியே ஏற்றவர். எனினும் 'இது நான்' என்று தம் பெயரைப் போட்டு எழுதிய துணிவு அவருடையது.

2. லாகூர், 1944 – 1946

சுக்தாய் 1915இல் உத்தரப் பிரதேசத்தின் பதாயூனில், பத்துக் குழந்தைகளில் ஒன்பதாமவராகப் பிறந்தார். அண்ணன் அஜீம் பேக் சுக்தாய் பெயர்பெற்ற எழுத்தாளர். லக்னோவில் இசபெல்லா தோபர்ன் கல்லூரியிலும் பின்னர் அலிகரிலும் பயின்றார். மருத்துவரும் எழுத்தாளருமான ரஷீத் ஜஹானின் தாக்கத்தில் முற்போக்கு எழுத்தாளர் இயக்கத்திற்கு வந்தார். பள்ளித் தலைமையாசிரியராகவும், பம்பாயில் பள்ளி ஆய்வாளராகவும் பணிபுரிந்தார். 1942இல் ஷாஹித் லத்தீஃபை மணந்தார். ஹாலைப் போலத் தம்மைத் தன்பாலீர்ப்புடையவர் என்று அடையாளப்படுத்திக்கொண்டவர் அல்லர். இந்த வேறுபாட்டை மறந்து இருவரையும் ஒரே பட்டியலில் அடைப்பது வரலாற்றெழுத்து ஆகாது.

'லிஹாஃப்' 1942இல் லாகூரின் 'அதபே லத்தீஃப்' இதழில் வெளிவந்தது. லிஹாஃப் என்பது வடநாட்டுக் குளிருக்கான, பஞ்சு அடைத்த கனத்த போர்வை. நம் ஊர் வெயிலில் அதற்கு வேலையில்லாததால் தமிழில் அதற்கு நேர்ச்சொல்லும் இல்லை. 'போர்வை' என்றால் அதன் கனம் போய்விடுகிறது. கதையில் அந்தக் கனம் முக்கியம். இளம் ஆண்கள்மீது மட்டுமே நாட்டமுள்ள நவாபை மணந்து கவனிப்பாரற்றுக் கிடக்கும் பேகம் ஜானை மீண்டும் உயிர்ப்பிப்பவள், உடல் பிடித்துவிடும் பணிப்பெண் ரப்பு. அந்த அறையில் சில நாள் தங்க நேர்ந்த சிறுமி, இரவில் போர்வை யானைபோல் அசைவதைச் சுவர் நிழலில் காண்கிறாள். கதை முழுவதும் அவள் பார்வையில் நகர்கிறது. அவளுக்குப் புரியாததை அவள் சொல்வதில்லை.

1944 டிசம்பரில் சுக்தாய்க்குச் சம்மன் வந்தது. கைக்குழந்தையோடு இருந்த காலம் அது. 'பூ' என்னும் கதைக்காக மண்ட்டோவும் அதே குற்றச்சாட்டில் லாகூருக்கு அழைக்கப்பட்டார். மன்னிப்புக் கேட்டு முடித்துக்கொள்ளும்படி பலர் அறிவுறுத்தியும் சுக்தாய் இணங்கவில்லை. லாகூரும் லண்டனும் கையாண்டது ஒரே அளவுகோல்: 1868இல் ஹிக்ளின் வழக்கில் உருவான விதி. ஒரு நூல், அது யார் கையில் கிடைக்கக்கூடுமோ அவர்களுள் எளிதில் கெடக்கூடியவர்களின் மனத்தைக் கெடுக்குமா என்பதே கேள்வி. இந்திய தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவுக்கு அதுவே உரையாக அமைந்தது.

விசாரணையை சுக்தாய் பின்னாளில் தம் நினைவுக் குறிப்புகளில் எள்ளலோடு விவரித்துள்ளார். ஆபாசமான இடத்தைக் காட்டும்படி கேட்டபோது, ஒரு பெண் காதலர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தாள் என்னும் பொருள்படும் தொடரைச் சாட்சி ஒருவர் காட்டுகிறார். எந்தச் சொல் ஆபாசம், 'சேர்ப்பது' என்பதா, 'காதலர்' என்பதா என்று வழக்கறிஞர் மடக்குகிறார். 'ஆஷிக்' என்ற சொல்தான் என்கிறார் சாட்சி. பெருங்கவிஞர்களும், நபியைப் போற்றும் பாடல்களை இயற்றியவர்களும் கையாண்ட சொல் அல்லவா அது என்று எதிர்வினா வருகிறது. வழக்கு அங்கேயே தளர்ந்துவிடுகிறது.

சிரிக்க வைக்கும் காட்சிதான். ஆனால் அங்கே நிகழ்ந்தது என்ன? கதையின் மையமான பேகம் – ரப்பு உறவைப் பற்றி நீதிமன்றத்தில் எவரும் பேசவில்லை. எதிர்த்தரப்புக்குச் சுட்ட ஒரு சொல் கிடைக்கவில்லை. எழுத்தாளர் தரப்புக்குப் பேச வேண்டிய தேவை எழவில்லை. ஹால் வாதிட்டதால் தோற்றார். சுக்தாய், தம் கதைசொல்லிச் சிறுமியைப் போலவே பெயரிடாது விட்டதால் வென்றார். சட்டம் அந்தப் போர்வையைத் தூக்கிப் பார்க்கவே இல்லை.

3. யாரும் வழக்குத் தொடுக்காத நாவல்

இந்த வழக்கு நடந்துகொண்டிருந்த 1940களின் நடுவே வெளிவந்ததுதான் சுக்தாயின் பெருநாவல் 'டேடி லகீர்'. 'கோணல் கோடு' எனலாம். பெரிய குடும்பத்தில் கடைசியாகப் பிறந்து, தாயின் அணைப்புக் கிட்டாமல் செவிலியிடம் வளரும் ஷமன் அதன் நாயகி. பள்ளியில் மிஸ் சரண் என்னும் ஆசிரியைமீது அவளுக்குப் பித்துப் பிடிக்கிறது. விடுதியில் ரசூல் ஃபாத்திமா என்னும் மாணவி ஷமனை விரும்ப, அது ஷமனுக்கு அருவருப்பூட்டுகிறது. பின்னர் அதே ஷமன் நஜ்மாவுக்காக ஏங்குகிறாள். விரும்பப்படுவதன் சுமையையும் விரும்புவதன் வேதனையையும் ஒருத்தியிடமே அடுத்தடுத்துக் காட்டும் அந்தப் பகுதி, உளவியல் நுட்பத்தில் 'லிஹாஃப்' கதையைவிட மிக ஆழமானது என்பது என் கருத்து.

வேறுபாடு அளவில் மட்டும் இல்லை. 'லிஹாஃப்' கதையில் பெண் காதல், கணவனின் புறக்கணிப்பால் விளைந்த மாற்று. சிறுமியிடம் பேகம் ஜான் அத்துமீறும் இடமும் கதையில் உண்டு. அதைக் கடந்து அக்கதையை விடுதலையின் கொடியாக உயர்த்துவது நேர்மையாகாது. நாவலிலோ ஆண் எவனும் கைவிடும் முன்னரே, இளம் பெண்களின் ஏக்கம் தானாகவே எழுகிறது. விடுதியின் மற்ற மாணவிகளுக்கு அது வியப்பும் அளிக்கவில்லை. அவர்களுடைய பொறாமை, தூது, ஊடல் எல்லாவற்றுக்கும் ஒரு நடைமுறையே இருக்கிறது. ஷமன் பின்னர் ஆண்களின் உலகுக்குப் போகிறாள். டெய்லர் என்னும் அயர்லாந்துக்காரரை மணக்கிறாள். ஆயினும் பழைய ஏக்கத்தை நாவல் பிழையென்று திருத்தி எழுதவில்லை.

ஆங்கிலத்தில் இந்நாவல் தஹிரா நக்வியின் மொழிபெயர்ப்பில் 1995இல்தான் வந்தது. நான் வசிக்கும் பிரேசர் டவுனில் இதன் பொருளை நாள்தோறும் உணர முடிகிறது. 1898 பிளேக்குக்குப் பின் கண்டோன்மென்ட்டின் நெரிசலைக் குறைக்க எழுந்த குடியிருப்பு இது. மைசூர் மன்னரின் ஆசிரியராகவும் பிறகு ரெசிடெண்டாகவும் இருந்த ஸ்டூவர்ட் ஃப்ரேசரின் பெயரைத் தாங்கியது. 1947வரை பிரிட்டிஷ் நேரடி ஆட்சியில் இருந்த நிலம். மாஸ்க் ரோட்டில் உருதுவும் தமிழும் ஒரே கடையில் பேரம் பேசுகின்றன. ஆனால் உருது இலக்கியம் தமிழ் ஆய்வாளரிடம் ஆங்கிலம் வழியாகத்தான் வந்து சேருகிறது. உருது அறிந்த அண்டை வீட்டு மூதாட்டி ஒருவர் நாவலின் சில பக்கங்களை எனக்காக வாய்விட்டுப் படித்தபோது, மொழிபெயர்ப்பில் நான் கடந்து சென்ற வரிகளுக்கு அவர் சிரித்தார். சுக்தாய் எழுதியது அந்தப்புரப் பெண்களின் பேச்சுமொழி. வசவும் சிலேடையும் நிறைந்த அந்த மொழியில், மறைக்காமலே மறைவாகப் பேசும் வழிகள் பல உண்டு. ஆங்கிலத்தில் அவை தட்டையாகிவிடுகின்றன. நாம் 'மௌனம்' என்று கருத்தரங்குகளில் பேசுவதில் ஒரு பகுதி, நமக்குக் காதில் விழாத பேச்சே.

4. சான்றுகள் நம் விருப்பத்துக்கு வளைவதில்லை

பேகம் ஜானுக்கு முன்மாதிரியான பெண்ணைப் பல ஆண்டுகளுக்குப் பின் அலிகரில் ஒரு விருந்தில் சந்தித்ததாக சுக்தாய் எழுதியிருக்கிறார். அஞ்சிக்கொண்டிருந்தவரை அந்தப் பெண் தழுவிக்கொள்கிறார். நவாபிடமிருந்து மணவிலக்குப் பெற்று மறுமணம் செய்துகொண்டதாகச் சொல்லி, தம் மகனைக் காட்டுகிறார். தம் எழுத்துக்குக் கிடைத்த பெரும் பரிசாக சுக்தாய் அதைக் கருதினார்.

தன்பாலீர்ப்பின் முன்னோடிப் படைப்பாக அக்கதையைக் கொண்டாடும் நமக்கு இது சங்கடமான சான்று. ஆசிரியருக்கு நிறைவளித்தது ரப்புவின் காதல் அன்று. அவளிடமிருந்து மீண்ட திருமணமும் மகனும். அந்தப் பத்தியில் ரப்புவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவள் என்னவானாள் என்று யாரும் கேட்கவில்லை. பணிப்பெண்ணின் வாழ்க்கை நினைவுக் குறிப்பிலும் பதிவாகவில்லை, வழக்கிலும் பதிவாகவில்லை, பெரும்பாலான ஆய்வேடுகளிலும் பதிவாகவில்லை. இதை விலக்கிவிட்டுக் கதையை மட்டும் கற்பிப்பது எளிது. சேர்த்துக் கற்பிப்பதே நம் கடமை என்று நினைக்கிறேன்.

5. இன்று

ஹிக்ளின் விதியை 1964இல் ரஞ்சித் உதேஷி வழக்கில் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. 2014இல் அவீக் சர்க்கார் வழக்கில்தான் அது தெளிவாகக் கைவிடப்பட்டது. 2016இல் 'மாதொருபாகன்' வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் நின்றது. 2018 செப்டம்பர் 6ஆம் நாள் 377ஆம் பிரிவு குறித்த தீர்ப்பு வந்தது. எனினும் ஆபாச நூல் பற்றிய சட்டப்பிரிவு பாரதிய நியாய சன்ஹிதாவிலும் வேறு எண்ணோடு தொடர்கிறது.

சட்டத்தின் இந்த நகர்வுகள் முக்கியமானவை. ஆனால் பெண் காதலின் வரலாற்றை வழக்குகளின் வரலாறாக மட்டும் எழுதினால், காவல்துறையின் கண்ணில் பட்டதை மட்டுமே நாமும் காண்போம். அகப்படாதவை மிகுதி: விடுதி நாவல்கள், தோழிக்கு எழுதிய கடிதங்கள், பெண்கள் இதழ்களின் தொடர்கதைகள், ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகளின் ஆண்டு மலர்கள். தமிழில் இத்துறையில் ஆய்வுத்தலைப்புத் தேடும் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலிலிருந்து தொடங்காதீர்கள். யாரும் புகார் கொடுக்காத நூல்களைத் திறந்து பாருங்கள். 'டேடி லகீர்' போல அவை வெகுகாலமாக அலமாரியில் எல்லார் கண்முன்னும் இருக்கின்றன. அப்படிப்பட்ட தமிழ்ப் பிரதிகளை அறிந்தவர்கள் பின்னூட்டத்தில் குறிப்பிட்டால் சேர்ந்து வாசிக்கலாம்.