ஸ்குவீஸ்பாக்ஸ்

ஸ்குவீஸ்பாக்ஸ் என்பது கணினியில் சேமிக்கப்பட்ட இசைக்கோப்புகளையும் இணைய வானொலிகளையும் கம்பியில்லாப் பிணையத்தின் வழியாக வீட்டின் பல அறைகளில் ஒலிக்கச் செய்யும் பிளேயர் வரிசை ஆகும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த ஸ்லிம் டிவைசஸ் நிறுவனம் இதனை 2003 இல் அறிமுகப்படுத்தியது. 2006 இல் அந்நிறுவனத்தை லாஜிடெக் வாங்கியது. 2012 இல் இவ்வரிசையின் உற்பத்தி கைவிடப்பட்டது. எனினும் இதனை இயக்கும் வழங்கி மென்பொருள் திறந்த மூல மென்பொருளாக இருப்பதால், பழைய கருவிகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

வரலாறு

ஸ்லிம் டிவைசஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர் சான் ஆடம்ஸ். இந்நிறுவனத்தின் முதல் கருவியான ஸ்லிம்பி3, 2001 இல் வெளிவந்தது. இதில் ஈதர்நெட் கம்பி இணைப்பு மட்டுமே இருந்தது. எம்பி3 கோப்புகளை மட்டுமே இது நேரடியாக ஒலிக்கவல்லது. 2003 இல் வெளிவந்த முதல் ஸ்குவீஸ்பாக்ஸில் 802.11பி வகைக் கம்பியில்லா இணைப்பு சேர்க்கப்பட்டது. தொடர்ந்து வந்த முக்கியக் கருவிகள் பின்வருமாறு:

- ஸ்குவீஸ்பாக்ஸ் 2 (2005): 802.11ஜி இணைப்பும், ஃபிளாக் கோப்புகளை நேரடியாக ஒலிக்கும் வசதியும் கொண்டது.
- ஸ்குவீஸ்பாக்ஸ் 3 (2005): பின்னர் ஸ்குவீஸ்பாக்ஸ் கிளாசிக் என அழைக்கப்பட்டது.
- டிரான்ஸ்போர்ட்டர் (2006): உயர்தர ஒலியை நாடுவோருக்கான விலையுயர்ந்த கருவி.
- டூயட் (2008): திரையுள்ள கையடக்கக் கட்டுப்படுத்தியும் திரையில்லாத பிளேயரும் கொண்ட இணை.
- பூம் (2008): ஒலிபெருக்கிகள் உள்ளமைந்தது.
- ரேடியோ (2009): ஒற்றை ஒலிபெருக்கி கொண்ட சிறிய கருவி.
- டச் (2010): தொடுதிரை கொண்டது, லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்குவது.

செயல்படும் விதம்

இம்முறைமையில் இரண்டு பகுதிகள் உள்ளன. ஒன்று, வீட்டிலுள்ள ஏதேனும் ஒரு கணினியில் இயங்கும் வழங்கி மென்பொருள். மற்றொன்று, அறைகளில் வைக்கப்படும் பிளேயர்கள். தொடக்கக்காலப் பிளேயர்கள் தாமாக எதையும் முடிவுசெய்வதில்லை. பயனர் தொலைக்கட்டுப்படுத்தியின் பொத்தானை அழுத்தும்போது அச்செய்தி வழங்கிக்கு அனுப்பப்படுகின்றது. திரையில் தோன்ற வேண்டிய எழுத்துக்களையும் வழங்கியே உருவாக்கி அனுப்புகின்றது. எனவே புதிய வசதிகள் பலவற்றை, கருவியை மாற்றாமல் வழங்கி மென்பொருளை மாற்றுவதன் மூலமாகவே சேர்க்க முடிகின்றது.

பிளேயருக்கு மின்னிணைப்புக் கொடுத்ததும், அது பிணையத்தில் உள்ள அனைத்துக் கணினிகளுக்கும் ஓர் அழைப்பை அனுப்பி வழங்கியைத் தேடுகின்றது. கட்டளைகள் 3483 ஆம் எண் போர்ட் வழியாகவும், இசைத் தரவு பொதுவாக 9000 ஆம் எண் போர்ட் வழியாகவும் பரிமாறப்படுகின்றன. வந்துசேரும் தரவு பிளேயரின் நினைவகத்தில் முன்கூட்டியே சேமிக்கப்படுகின்றது. இதனால் கம்பியில்லா இணைப்பு சில நொடிகள் தடைப்பட்டாலும் இசை நிற்பதில்லை.

தரவின் அளவு

குறுந்தகட்டில் உள்ள இசை நொடிக்கு 44,100 மாதிரிகளும், ஒவ்வொரு மாதிரிக்கும் 16 பிட்களும், இரண்டு தடங்களும் கொண்டது. இதன்படி நொடிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட் தரவு தேவைப்படுகின்றது. ஃபிளாக் முறை ஒலித்தரத்தில் எந்த இழப்பும் இல்லாமல் இதனைப் பெரும்பாலும் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை சுருக்குகின்றது. எம்பி3 கோப்பு பெரும்பாலும் 128 முதல் 320 கிலோபிட் வரை கொண்டிருக்கும். ஆனால் இதில் ஒலியின் ஒரு பகுதி இழக்கப்படுகின்றது.

ஒரே பாடல் நான்கு அறைகளில் ஒலித்தாலும் வழங்கி நான்கு பிளேயர்களுக்கும் தனித்தனியாகத் தரவை அனுப்புகின்றது. சுருக்கப்படாத இசை எனில் இதற்கு நொடிக்கு 5.6 மெகாபிட் தேவை. 802.11பி இணைப்பின் பெயரளவு வேகம் 11 மெகாபிட் என்றாலும், நடைமுறையில் கிடைப்பது ஏறத்தாழ பாதியே. பழைய பிணையங்களில் பல அறைகளில் ஒருசேர இசைக்கும்போது தடங்கல் ஏற்பட்டதற்கு இது ஒரு காரணமாகும்.

ஒத்திசைவு

பல அறைகளில் ஒரே பாடலை ஒலிக்கச் செய்கையில், எல்லாப் பிளேயர்களும் ஒரே கணத்தில் ஒரே இடத்தை ஒலிக்க வேண்டும். வேறுபாடு சில பத்து மில்லிநொடிகளைத் தாண்டினால், அறைகளுக்கு இடையே நடப்பவருக்கு எதிரொலி போல் கேட்கும்.

பாடலை ஒரே நேரத்தில் தொடங்கினால் மட்டும் போதாது. ஒவ்வொரு பிளேயரிலும் உள்ள படிகக் கடிகாரம் மற்றொன்றிலிருந்து சிறிதளவு வேறுபடும். இரு கடிகாரங்களுக்கு இடையே பத்து இலட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருப்பதாகக் கொண்டால், ஒரு மணி நேரத்தில் 180 மில்லிநொடி விலகல் உண்டாகும். இதனைத் தவிர்க்க, ஒவ்வொரு பிளேயரும் தான் ஒலித்துள்ள நேரத்தை வழங்கிக்கு அவ்வப்போது தெரிவிக்கின்றது. முந்திச் செல்லும் பிளேயரை வழங்கி மிகச் சிறிது நிறுத்துகின்றது. பிந்தும் பிளேயரைச் சிறிது தாவச் செய்கின்றது.

பயன்படுத்தும் முறை

1. வழங்கி மென்பொருளை எப்போதும் இயங்கும் கணினி ஒன்றில் நிறுவ வேண்டும். விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகியவற்றில் இது இயங்கும். ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியும் போதுமானது.
2. இக்கணினியை ரவுட்டருடன் கம்பி மூலம் இணைப்பது நல்லது. வழங்கியும் பிளேயரும் கம்பியின்றி இருந்தால், ஒரே தரவு இருமுறை காற்றில் பயணிக்க நேரிடும்.
3. இசைக்கோப்புகள் உள்ள கோப்புறையைச் சுட்டினால், மென்பொருள் அவற்றை ஆராய்ந்து கலைஞர், தொகுப்பு, இசைவகை எனப் பட்டியலிடும். கோப்புகளுக்குள் இத்தகவல்கள் சரியாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.
4. உலாவியில் வழங்கியின் ஐ.பி. முகவரியையும் 9000 என்ற போர்ட் எண்ணையும் இட்டால் கட்டுப்பாட்டுப் பக்கம் தோன்றும். எந்தெந்தப் பிளேயர்கள் ஒருசேர ஒலிக்க வேண்டும் என்பதை இங்கே தேர்ந்தெடுக்கலாம்.

பிளேயர் வழங்கியைக் கண்டறியாவிடின், இரண்டும் ஒரே பிணையத்தில் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். விருந்தினருக்கான தனிப் பிணையத்தில் இணைந்த பிளேயரால் பொதுவாக வழங்கியைக் காண இயலாது. ஸ்குவீஸ்பாக்ஸ் கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்குபவை; டபிள்யூ.பி.ஏ.3 பாதுகாப்பை மட்டும் ஏற்கும் ரவுட்டருடன் இவை இணைவதில்லை. மேலும், வழங்கியின் போர்ட்டுகளை இணையத்திலிருந்து அணுகுமாறு திறந்துவைப்பது பாதுகாப்பானதன்று.

உற்பத்தி நிறுத்தமும் அதன் பின்னரும்

2012 இல் லாஜிடெக் ஸ்குவீஸ்பாக்ஸ் உற்பத்தியை நிறுத்தியது. வழங்கி மென்பொருள் பெர்ல் மொழியில் எழுதப்பட்டு, குனூ பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டிருந்தது. இதனால் எவரும் மூலநிரலைப் பெற்றுத் திருத்தி வெளியிட முடிந்தது. புதிய இயங்குதளங்களுக்கு ஏற்பவும், புதிய இசைச் சேவைகளுக்கு ஏற்பவும் தன்னார்வலர்கள் இதனை மேம்படுத்தி வருகின்றனர். ஸ்லிம்சர்வர், ஸ்குவீஸ்சென்டர், லாஜிடெக் மீடியா சர்வர் எனப் பல பெயர்களைப் பெற்ற இம்மென்பொருள், 2024 இல் லிரியான் மியூசிக் சர்வர் எனப் பெயர்மாற்றம் பெற்றது.

மாறாக, லாஜிடெக் தன் சொந்தக் கணினிகளில் நடத்திவந்த மைஸ்குவீஸ்பாக்ஸ் இணையச் சேவை 2024 இல் மூடப்பட்டது. ரேடியோ, டச் முதலிய கருவிகளை, வீட்டில் வழங்கி இல்லாமல் இச்சேவையின் மூலமே பயன்படுத்தி வந்தோர் உண்டு. அவர்கள் அவற்றைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டுமெனில் வீட்டிலேயே வழங்கியை நிறுவ வேண்டியதாயிற்று. ஏற்கெனவே சொந்த வழங்கியை வைத்திருந்தோரின் இசைத்தொகுப்பு வழக்கம் போல் இயங்கியது. கருவி ஒன்றே ஆயினும், அதனை இயக்கும் மென்பொருள் யாருடைய கணினியில் உள்ளது என்பதே அதன் ஆயுளை முடிவுசெய்தது.

ஸ்குவீஸ்பாக்ஸ் கருவி இல்லாதோரும் இம்முறைமையைப் பயன்படுத்தலாம். ஸ்குவீஸ்லைட் என்னும் கட்டற்ற மென்பொருள், சாதாரணக் கணினியையோ ராஸ்பெரி பையையோ ஸ்குவீஸ்பாக்ஸ் போலச் செயல்படச் செய்கின்றது. இவ்வாறு அமைக்கப்பட்ட புதிய பிளேயர்களையும் பழைய ஸ்குவீஸ்பாக்ஸ்களையும் ஒரே வழங்கியுடன் இணைத்து ஒத்திசைவாக ஒலிக்கச் செய்ய முடியும்.

இவற்றையும் பார்க்கவும்

- கட்டற்ற மென்பொருள்
- கம்பியில்லாப் பிணையம்
- எம்பி3
- ராஸ்பெரி பை