பழைய மணிக்கூட்டின் இலக்கங்களை வாசிப்பது எப்படி?

1983 ஜூலையில் பதுளை நகரில் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டபோது, பலர் உடுத்த உடுப்போடுதான் வெளியேறினார்கள். ஆவணங்களும் படங்களும் அழிந்த குடும்பங்களில், அப்பாவின் கையில் கிடந்த மணிக்கூடு மட்டும் எஞ்சியிருப்பதுண்டு. பசறை, மடுல்சீமைப் பக்கத் தோட்டங்களில் நான் கூடுதலாகக் கண்டவை சீக்கோவும் சிற்றிசனும்தான். அவற்றின் வயதைப் பின்மூடியிலேயே வாசிக்கலாம்.

சீக்கோ

பின்மூடியில் இரண்டு இலக்கங்கள் இருக்கும். நடுவில் கோடு போட்டது மாதிரி இலக்கம். 6119-8460 என்றால், 6119 உள்ளே இருக்கும் இயந்திரம், 8460 வெளிக்கூடு. மற்றது தொடரிலக்கம். அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். ஒக்டோபருக்கு 0 அல்லது 'ஓ', நவம்பருக்கு 'என்', டிசம்பருக்கு 'டி'.

எந்தப் பத்தாண்டு என்பதை இயந்திர இலக்கம் காட்டும். 6119இல் தொடரிலக்கம் 3இல் தொடங்கினால் அது 1973. '7எஸ்26' இயந்திரம் 1996இல்தான் வந்தது. அதில் 3 இருந்தால் 1983 ஆகாது, 2003 அல்லது அதற்குப் பின்.

சிற்றிசன், சுவிஸ் வகைகள்

சிற்றிசனில் பொதுவாக முதல் இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டும் மாதம். பழைய ஒமேகாவில் தொடரிலக்கம் உள்ளே இயந்திரத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். பின்மூடியைக் கத்தியால் நெம்பாதீர்கள். திருத்துபவரிடம் கொடுத்துக் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள்.

கவனிக்க வேண்டியவை

மெல்லிய பல்தூரிகையால் அழுக்கை அகற்றி, சாய்வான வெளிச்சத்தில் படமெடுங்கள். மினுக்கக் கொடுத்தால் இலக்கம் தேய்ந்துவிடும். மூடி மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால் உள்ளே இயந்திரத்தில் உள்ள இலக்கமும் ஒத்துப்போகிறதா எனப் பாருங்கள். கிடைப்பது செய்த ஆண்டு; வாங்கிய ஆண்டு பிந்தியதாக இருக்கலாம்.

சீக்கோவின் தொடரிலக்கம் பத்தாண்டுக்கு ஒருமுறை திரும்ப வரக்கூடும். ஆகவே இலக்கம் மட்டும் போதாது. மூடியின் உட்புறத்தில் திருத்துபவர்கள் ஊசியால் கீறிய திகதி, எழுத்து, கண்ணாடியின் கீறல், பட்டியின் வகை எல்லாவற்றையும் பதியுங்கள்.

2025 ஆகஸ்டில் செம்மணிப் புதைகுழியில் எடுக்கப்பட்ட பொருட்கள், அடையாளம் காண்பதற்காக மக்களுக்குக் காட்டப்பட்டன. அப்படியான இடத்தில் நினைவோடு ஓர் இலக்கமும் இருந்தால் அதன் பெறுமதி வேறு. காணாமல்போனவரின் மணிக்கூட்டுப் பெட்டியோ, உத்தரவாத அட்டையோ, பற்றுச்சீட்டோ வீட்டில் இருந்தால் எறியாதீர்கள். படமெடுத்து, வெளிநாட்டு உறவினர் ஒருவரிடமும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.