ஏரியும் அதன் மேட்டுப் புதரும்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பிரதேசத்தைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டியபின் இடப்புறமாக நீண்டு கிடக்கும் செம்பரம்பாக்கம் ஏரியைக் கண்டு மகிழ்பவர் பலர். அந்நீர் எவ்வழியே வந்து சேர்ந்தது என்று விசாரிப்பவர் மிகச் சிலர். 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் அவ்வேரிக்கு மேலே ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், நேமம் முதலிய ஏரிகளின் உபரி நீர் கலங்கல் வழிந்து வருவதும், ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குப் பாலாற்று நீரைக் கம்பன் கால்வாய் கொண்டுவருவதும், இவ்வேரிகளுக்கு இடைப்பட்ட செம்மண் மேடுகளில் காரையும் களாவும் சூரையும் ஆவாரையும் மண்டிய புதர்க்காடு பரவியிருந்ததும் ஒரே ஏற்பாட்டின் அங்கங்கள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது முதல், ஒரகடம், வல்லம் வடகால் என்று தொழிற்பேட்டைகள் விரிந்துகொண்டே வந்தமையால் இப்பிரதேசத்தின் முகம் மாறிவிட்டது உண்மையே. ஆயினும், ஏரி ஒரு பொருள், புதர்க்காடு வேறொரு பொருள் என்று நம்முடைய கணக்கும் சட்டமும் பிரித்து வைத்ததுதான் இங்கே நேர்ந்த முதற்கேடு என்பதும், ஆலைகள் அப்பிளவின் வழியாகவே உள்ளே வந்தன என்பதும் என் அபிப்பிராயம்.

கிராமக் கணக்கில் நீர் நிற்கும் இடம் ஏரிப் புறம்போக்கு. அந்நீரை அனுப்பும் மேடோ, மாடுகளின் உரிமை நினைவுக்கு வந்த இடத்தில் மேய்க்கால் புறம்போக்கு, மற்ற இடங்களில் வெறும் தரிசு. வரி வசூலுக்கென்று ஏற்பட்ட பாகுபாட்டில் வரி தராத நிலம் பயனற்ற நிலமாகத் தோன்றியது இயல்பே. நிலவரி அற்பமாகிவிட்ட இக்காலத்திலும், பேட்டைக்கு இடம் தேடுவோர் அதே பதிவேட்டை விரித்துத் தரிசு என்ற சொல்லுக்குக் காலியிடம் என்று பொருள் கொள்வதுதான் விந்தை.

சட்டம் ஏரியையாவது காப்பாற்றுகிறதா என்றால், அங்கும் ஒரு விநோதம் உண்டு. 1971இல் ஈரான் நாட்டு ராம்சாரில் ஏற்பட்ட உடன்படிக்கை, இயற்கையானதாயினும் செயற்கையானதாயினும் நீர் தங்கும் நிலத்தை ஈரநிலம் என்றே கொள்ள, இந்திய அரசின் 2017ஆம் ஆண்டு விதிகள், குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் மனிதர் அமைத்தவற்றை அவ்விலக்கணத்திலிருந்து நீக்கிவிட்டன. இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் பொதுப்பணித் துறையின் பொறுப்பில் மட்டும் இருந்துவந்த 381 ஏரிகளும் மனிதர் கட்டியவையே. ஏரிக்கென்று தனி வாரியம் வைத்து ஆண்டதைக் கல்லில் எழுதிய உத்தரமேரூர்ச் சபையார், பத்தாம் நூற்றாண்டில் தாங்கள் செய்த உழைப்பே தங்கள் ஏரிக்கு ஒரு குறையாக எண்ணப்படும் என்று கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள். பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் வேடந்தாங்கலும் பாசன ஏரிதான். பறவைகளைச் சிப்பாய்கள் சுடுவதை ஊரார் முறையிட, 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் பாதுகாப்புக் கவுல் (உறுதிச் சீட்டு) அளித்தார். எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை அறிந்த குடியானவர்களுக்குப் பறவையும் பாசனமும் ஒரே விஷயமாகத்தான் இருந்தன. அவ்வேரி 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஆகவே, மனிதர் கட்டியது என்ற காரணம் தகுதிக் குறைவாகாது என்பது பிரத்தியட்சம்.

ஏரியின் மதிப்பு அதன் நிறைவில் மட்டும் இல்லை; வற்றுவதிலும் இருக்கிறது. மாசி மாதத்து விடியலில் ஒரகடத்தை அடுத்த ஒரு சிற்றேரியின் கரைமீது நான் நின்றபோது, நீர் பின்வாங்கிய சேற்றில் விரற்கடை ஆழத்தில் உள்ளான்கள் அலகை ஊன்றி ஊன்றி எடுத்துக்கொண்டிருக்க, முழங்கால் ஆழத்தில் நத்தைகுத்தி நாரைகள் அசையாது நிற்க, அதற்கும் அப்பால் முக்குளிப்பான்கள் மறைந்தும் தோன்றியும் இருந்தன. சரிவு மெல்ல இறங்குவதால்தான் ஒவ்வொரு காலுக்கும் ஒவ்வோர் ஆழம் கிடைக்கிறது. நாளுக்கு நாள் நீர்விளிம்பு நகர, பந்தியும் நகர்கிறது. இனி நீர்பிடிப்பின் மேட்டைப் பாருங்கள். கோடையில் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் தவளையினங்கள் முதல் மழையில் வெளிவந்து தாழ்நிலத்து நீரில் முட்டையிடுகின்றன. ஆட்காட்டி நீருக்கு அருகே சரளைத் தரையில் கூடே இல்லாமல் முட்டை வைக்கிறது. எலியையும் ஈசலையும் புதரில் தேடி, மீனை ஏரியில் பிடிக்கும் இருளர் பழங்குடியினர் இவ்விரண்டையும் ஒரே வீட்டின் இரண்டு அறைகளாகவே புழங்கி வந்தார்கள். புதரில் பாதி இன்று சீமைக் கருவேலம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதனடியிலும் காரையின் வேர் உயிரோடிருக்கிறது, வெட்டினால் துளிர்க்கும். மேல்மண்ணையே புல்டோசரால் வழித்தெடுத்தபின் துளிர்ப்பதற்கு எதுவும் இராது.

அந்த மேட்டை மனையாக்க, தாழ்ந்த பகுதிகளை நிரப்பியாக வேண்டும். நிரப்பும் சவுடு மண் பெரும்பாலும் ஏரியின் வயிற்றிலிருந்தே வருகிறது. தூர்வாருதல் என்ற நற்பெயரில் மதகின் மட்டத்துக்கும் கீழே குழிகள் தோண்டப்படுகையில், வயலுக்குப் பாயாத நீர் அங்கே தேங்குகிறது. சரிவு செங்குத்தாகிவிட, உள்ளானுக்குக் கால் ஊன்ற இடமில்லாமற் போகிறது. ஒரே லாரி ஒரே நடையில் ஏரியையும் காட்டையும் சேர்த்துக் கெடுக்கும் இக்காரியத்தை இரண்டு இலாகாக்கள் இரண்டு கோப்புகளில் அனுமதிக்கின்றன.

இக்கேட்டின் விளைவு வெள்ளத்திலும் தெரிந்தது. சென்னை வெள்ளத்தில் மூழ்கிய 2015 டிசம்பர் முதல் நாளில் செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டதைப் பற்றி எழுந்த விவாதம் முழுவதும் மதகை எப்போது திறந்திருக்க வேண்டும் என்பதிலேயே சுழன்றது. ஆனால் மணிமங்கலம், ஆதனூர் ஏரிகளின் நீர் செம்பரம்பாக்கத்தைத் தொடாமலே அடையாற்றை அடைவது. அவ்வழியிலுள்ள முடிச்சூரும் வரதராஜபுரமும் அதே மழையில் மூழ்கின. ஆகவே காரணம் மதகு மட்டுமன்று. புதரும் சருகும் சரளையும் தடுத்து மெதுவாக விட்ட மழையைக் கான்கிரீட் தளமும் தகரக்கூரையும் ஒரே வேகத்தில் ஓடவிடும் என்பதை அறிய நுட்பமான கருவிகள் தேவையில்லை.

ஆலைகள் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன என்ற ஆட்சேபத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. மானாவாரி விளைச்சலை நம்பியிருந்த வீட்டுப் பிள்ளைக்கு மாதச் சம்பளம் அற்ப விஷயமன்று. ஆனால் 2006இல் இங்கே தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. அக்கட்டடத்தைப் பின்னர் வேறொரு நிறுவனம் எடுத்துக்கொள்ள முடிந்தது. வழித்தெடுத்த நீர்பிடிப்பை அப்படி எவரும் எடுத்து நடத்த முடியாது. மதிற்சுவருக்குள் புல்தரையும் வரிசை மரங்களும் வைப்பதை ஈடு என்று சொல்வதும் பொருந்தாது. குழாய்நீரில் பிழைக்கும் புல்தரை ஏரிக்கு நீர் தருவதற்குப் பதிலாக அதனிடம் நீர் கேட்கிறது.

2022இல் பரந்தூர் விமான நிலையம் அறிவிக்கப்பட்டு, அதன் எல்லைக்குள் வரும் ஏகனாபுரத்து மக்கள் தங்கள் ஏரிகளுக்காகப் போராடத் தொடங்கியதும், 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்கு நீர்நிலை அடங்கிய நிலத்தையும் ஒருங்கிணைக்க 2023இல் தமிழகச் சட்டமன்றம் சட்டம் இயற்றியதும், இப்பிரச்சினை ஒரகடத்தோடு நிற்கப்போவதில்லை என்று காட்டுகின்றன. பெரிய சரணாலயம் எதையும் நான் கோரவில்லை. புதிய பேட்டைக்கு வரைபடம் எழுதும்போது சாலையிலிருந்து தொடங்காமல், ஏரியின் கலங்கலில் நின்று வரத்துக்கால்வாயைப் பிடித்துக்கொண்டு மேலேறிச் சென்று, அது கிளைத்து மறையும் மேடு வரையிலுள்ள மேய்க்காலையும் தரிசையும் அவ்வேரியின் பெயரிலேயே பதிவேட்டில் ஏற்றிவிட்டு, மிஞ்சிய நிலத்தை அளந்து கொடுக்கலாம். ஒரு சர்வேயரும், ஏரிநீரை வயல்களுக்குப் பங்கிட்டுவந்த பழைய நீர்க்கட்டி ஒருவரும் ஒரு மழைநாளில் சேர்ந்து நடந்தால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.